குதிகாலுக்குக் கீழே நான்கு நூல்

அன்று ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சி அறையில் இருந்தவர்கள்: நான், தோல் வேலை ரசாக். இரும்பு வேலை பழனிச்சாமி. நடைப்பயிற்சி கொடுக்கும் ரோஸ்லின் அம்மா. சின்னாளப்பட்டியிலிருந்து வந்த நாகலட்சுமி, தறி நெய்பவர், இடது கால் போலியோ. அவர் கணவர் முருகேசன், அவரும் தறிதான். அவர்களுடைய பெண் குழந்தை, பத்து மாதம். மொத்தம் ஆறு பேர்.

டாக்டர் இல்லை. வடமதுரையில் முகாம் என்று காலையிலேயே போய்விட்டார். அவர் வரும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை.

இதை எழுதச் சொன்னது கவிதா. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிப் பட்டறையில் இப்போது பொறுப்பில் இருப்பவர். படித்தவர். இப்போது காலை அளக்க டேப் இல்லை. ஒரு கருவியைக் காலைச் சுற்றிக் காட்டினால் கம்ப்யூட்டரில் கால் வந்து நிற்கிறது. நல்ல கருவி. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். போன மாதம் கவிதா போன் செய்தார்.

“பாய், நாகலட்சுமின்னு ஒரு அம்மா மகளோட வந்திருக்காங்க. நீங்க செஞ்ச பூட்ஸ் தேஞ்சு போச்சாம். இதே மாதிரி வேணுங்கறாங்க. உள்ள பாத்தா குதிகாலுக்கு அடியில காலியா இருக்கு. அளவு தப்பிருச்சா? கம்ப்யூட்டரும் நிரப்பத்தான் சொல்லுது.”

“நிரப்பாதீங்க.”

“ஏன் பாய்?”

“போன்ல சொல்ற மாதிரி இல்ல.”

“அப்ப எழுதிக் குடுங்க. அவங்க ஃபைல்ல வெச்சிர்றேன். எனக்குப் பின்னாடி வர்றவங்க நிரப்பிட்டா?”

கேட்டது நியாயம். எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. எழுத்து அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை அப்படித்தான் சொல்வோம். நானும் மூன்று வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றேன். கை வெந்தது. அப்புறம் செருப்புப் பட்டறை, ஏழு வருஷம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முடிந்த செருப்பை முதலாளி ஒரு ஆள் காலில் மாட்டிப் பார்ப்பார். குதிகாலுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டு விரலை விடுவார். விரல் போனால் செருப்பைக் கழற்றி என் பக்கம் எறிவார். காற்று புகுந்த செருப்பு விலைக்குப் போகாது. ஏழு வருஷத்தில், கண் பார்க்கும் முன்பே என் விரல் காற்றைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டது. அதன் பிறகு இந்த ஆஸ்பத்திரி, ஊனமான காலுக்குப் பூட்ஸ் செய்கிற வேலை.

பட்டறையில் இரண்டு பேர். தோல் நான், இரும்பு பழனிச்சாமி. அவர் ஒட்டன்சத்திரம் பக்கம். மரியாதையாகப் பேசியே ஆளை வெட்டுவார். நான் சேர்ந்த அன்று, “வாங்க பாய். இரும்பு செய்யறதைத் தோலு மூடி மறைக்கோணும். அம்புட்டுத்தானுங்க உங்க வேலை” என்றார்.

மேலே டாக்டர் கனகசபை. எலும்பு டாக்டர். ஒல்லி. காலை எட்டேகாலுக்கு வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் முட்டி தன் கண்ணுக்கு நேரே வருகிற மாதிரி உட்காருவார். முதலில் நடக்கச் சொல்வார். போய் வா, மறுபடி போய் வா என்று ஆறு ஏழு தடவை. அதுவரை ஒன்றும் கேட்க மாட்டார். பிறகு இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு முட்டியைப் பிடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை மடக்கி நீட்டுவார். எண்ணிப் பத்து. அதன் பிறகுதான் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, “எந்த ஊரு?” என்பார்.

யாராவது தப்புச் செய்தால் சத்தம் போட மாட்டார். “என்ன செஞ்சே, சொல்லு” என்பார். முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால், “அதுக்கு முன்னாடி?” என்பார். ஏன் செய்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஆயக்குடி கொய்யாத் தோப்புக்காரர் ஒருவருக்கு இரும்புக் கால் செய்தோம். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முட்டியில் மடக்கு, மேலே தோல் வார். பத்து நாளில் தொடையில் புண்ணோடு வந்தார். உட்கார்ந்து காலை மடக்கும்போதெல்லாம் இரும்பு மேலே ஏறி அறுத்திருக்கிறது.

பழனிச்சாமி, “தோலு சரியில்லீங்க” என்றார்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து மஞ்சள் துணி மூட்டை ஒன்றை எடுத்தார். உள்ளே எலும்பு. ஒரு முழங்காலின் எலும்பு. என் கையில் கொடுத்தார்.

தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு குமிழ், பக்கத்தில் பக்கத்தில். முழு உருண்டை இல்லை. அடிப்பக்கம் தட்டை, பின்பக்கம் உருண்டை. அது உட்காருகிற கீழ்க்கால் எலும்பின் தலை தட்டு மாதிரி. தட்டில் குண்டு நிற்காது. அதனால் இரண்டுக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்பு. பழனிச்சாமி எட்டிப் பார்த்து, “வாசருங்க” என்றார். டாக்டர் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுவில் இரண்டு நார் குறுக்கே போகும், பக்கத்துக்கு ஒரு நார், பின்னால் தடித்த ஜவ்வு. இவ்வளவும் சேர்ந்துதான் மேல் எலும்பு கீழ் எலும்பைவிட்டு நழுவாமல் இருக்கிறது.

முன்னால் இருக்கும் முட்டிச்சில்லு எந்த எலும்போடும் ஒட்டியது இல்லை. தொடைச்சதையிலிருந்து கீழே வருகிற கயிற்றுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. கயிற்றை மூட்டிலிருந்து தள்ளிப் பிடிக்கிற கட்டை அது. கயிறு தள்ளி இருந்தால் இழுப்புக்குப் பலம் கூடும்.

“கதவுக் கீல் மாதிரி ஒரே எடத்துல நின்னு திரும்பாது ரசாக். குமிழ் உருளும். உருளும்போதே வழுக்கும். நீட்டி முடிக்கிறப்ப ஒரு சின்னத் திருகு. அதோட பூட்டிக்கும். உங்க இரும்பு ஒரே ஆணியில திரும்புது. ரெண்டும் ஒத்துப்போகணும்னா ஆணியை எங்க அடிக்கணும்?”

பழனிச்சாமி சில்லின் நடுவுக்கு நேரே அடித்திருந்தார். அது முன்னால் அதிகம். காலைப் பக்கவாட்டில் பார்த்தால், கனத்தில் பாதிக்கும் கொஞ்சம் பின்னால் ஆணி வர வேண்டும். டாக்டர் பென்சிலால் அந்த ஆள் காலில் புள்ளி வைத்தார். ஆணியை மாற்றினோம். புண் ஆறியது. அதன் பிறகு பழனிச்சாமி தோலைக் குறை சொல்வது கொஞ்ச நாள் நின்றது.

டாக்டர் அன்று இன்னொன்றும் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். சதையை இறுக்காமல் நேராக நின்று, முட்டிச்சில்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். ஆடும். அப்போது தொடைச்சதை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நேராக நிற்கும்போது உடம்பின் பாரம் முட்டிக்குச் சற்று முன்னால் விழுகிறது. முட்டி பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, பின்னால் உள்ள ஜவ்வில் சாய்ந்து பூட்டிக்கொள்கிறது. முட்டியைத் துளி மடக்குங்கள். சில்லு உடனே இறுகிவிடும். பாரம் பின்னால் போய்விட்டது. இப்போது தாங்குவது சதை. அந்தச் சதை இல்லாதவருக்கு அந்தத் துளி மடக்கு போதும், விழுவதற்கு.

நாகலட்சுமிக்கு அந்தச் சதை இல்லை. மூன்று வயதில் போனது. வரும்போது அவருக்கு முப்பதுக்குள் இருக்கும். இடது கையைத் தொடைமேல் ஊன்றி, ஒவ்வொரு எட்டுக்கும் தொடையைப் பின்னால் அழுத்தித்தான் நடந்தார். தொடையில் அந்த இடம் காய்த்திருந்தது. கால் ஒன்றரை அங்குலம் குட்டை. ஆடுசதை இழுத்துக்கொண்டு குதிகால் தரையில் படாது. முன்பாதம் மட்டும் ஊன்றும்.

டாக்டர் நடக்க விட்டுப் பார்த்தார். மடக்கினார், பத்து. எந்த ஊர் என்று கேட்டார். பிறகு, “ஒனக்கு என்ன வேணும்?”

“ரெண்டு கையும் வேணும்யா.”

“கைக்கு என்ன?”

“ஒரு கை எப்பவும் தொடையிலயே இருக்கு. பிள்ளைய ஒத்தக் கையில இடுக்கிக்கிட்டு நடக்க முடியல. தண்ணிக் குழாய்க்குப் போகணும்னாக்கூட அவரு வார வரைக்கும் தொட்டில்ல போட்டுட்டு உக்காந்திருக்கேன். அது எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சிருச்சுங்கய்யா. நாளைக்கு ஓடுனா யாரு பிடிக்கிறது?”

முருகேசன், “இரும்புக் கால் போட்டா நடக்கலாம்னு சொன்னாக” என்றார்.

“இரும்பு போட்டா நடக்கலாம். தறியில எப்படி உக்காருவா?”

அவர்களுடையது குழித்தறி. நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட வேண்டும். உள்ளே மிதிபலகை. நாகலட்சுமி வலது காலாலேயே இரண்டு மிதியையும் மாற்றி மாற்றி மிதிப்பார். இடது கால் சும்மா தொங்கும். அந்தக் குறுகிய குழிக்குள் இரும்புப் பட்டை இடிக்கும்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இவளுக்கு இரும்பு வேண்டாம். பூட்ஸ் மட்டும் போதும். ரசாக், அடி முழுக்க ஒண்ணரை அங்குலம் ஏத்து. முன்னாடியும் பின்னாடியும் ஒரே கனம். வளையாத அடி. கணுக்காலைச் சுத்தித் தோல் விறைப்பா நிக்கணும்.”

பழனிச்சாமி, “தோலுக்கு யோகமுங்க” என்றார்.

இரும்பு இல்லாமல் வெறும் பூட்ஸ் முட்டியை எப்படி நிறுத்தும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பூட்ஸ் முடிந்தது. நல்ல வேலை. அன்று காலையில் நாகலட்சுமி காலில் மாட்டிப் பார்த்தேன். பழக்கத்தில் சுண்டு விரலை விட்டேன். குதிகாலுக்குக் கீழே விரல் தாராளமாகப் போனது. அளந்தேன். நான்கு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம், ஆக அரை அங்குலம் காற்று. வெளியே அடி ஒரே கனம்தான், டாக்டர் சொன்னபடி. உள்ளே நிரப்புவது தோல்காரன் வேலை என்று நினைத்தேன். நான்கு நூலுக்குக் கார்க் சீவி, மேலே மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டி உள்ளே வைத்தேன். மறுபடி விரலை விட்டேன். போகவில்லை. திருப்தியாக இருந்தது.

ரோஸ்லின் அம்மா, “டாக்டர் வந்துரட்டும் ரசாக்” என்றார்.

நாகலட்சுமி, “மதியத்துக்குள்ள போகணும்க்கா. தறியில பாவு நூல் பாதியில கெடக்கு. செத்த நேரம் நடந்து பாத்துட்டுப் போயிர்றேன்” என்றார்.

“நடந்து பாக்கத்தானே” என்றேன் நான்.

முதலில் இரட்டைக் கம்பிக்கு நடுவே. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துப் போய் வந்தார். கால் முதல் தடவையாகக் குதிகாலில் ஊன்றியது. பார்க்க நம் நடை மாதிரி இருந்தது. முருகேசன் குழந்தையிடம், “பாப்பா, ஆத்தா நடையப் பாரு” என்றார். இன்னொரு தடவை போய் வந்தார். கம்பியைவிட்டு வெளியே வந்தார். குழந்தை கையை நீட்டியது. வாங்கிக்கொண்டார். ரோஸ்லின் அம்மா “இரு” என்று சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்தார்.

மூன்று எட்டு. நான்காவதில் இடது குதிகால் ஊன்றியது. முட்டி முன்பக்கமாக மடங்கியது. குழந்தையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நேராக முட்டியில் விழுந்தார். ஸ்லேட்டு தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தியது.

அவர் கத்தவில்லை. “பிள்ளைய வாங்குங்க” என்றார்.

பழனிச்சாமிதான் வாங்கினார்.

டாக்டர் மதியம் வந்தார். எக்ஸ்ரே பார்த்தார். பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன செஞ்சே, சொல்லு.”

சொன்னேன். பூட்ஸை மாட்டியது, விரலை விட்டது, அளந்தது, கார்க். “அதுக்கு முன்னாடி?” என்றார். செருப்புப் பட்டறை வழக்கத்தைச் சொன்னேன். பூட்ஸுக்குள் கையை விட்டுக் கார்க்கைப் பிய்த்து எடுத்தார். மேஜைமேல் வைத்தார்.

“அவளுக்கு முட்டியைப் பூட்ட சதை இல்ல. அந்தக் காத்துதான் பூட்டு. குதிகால் படாம முன்பாதம் மட்டும் ஊனும்போது, இழுத்துக் கெடக்குற ஆடுசதை கீழ்க்காலைப் பின்னாடி தள்ளும். முட்டி பின்னாடி போய்ப் பூட்டிக்கும். குட்டைக் காலுக்கு அடி ஏத்திட்டா ஒடம்பு நிமிரும், தொடையில கை வேண்டாம். அதான் கணக்கு. நீ குதிகாலுக்குத் தரை குடுத்துட்டே. குதிகால் ஊனுனா பாரம் முட்டிக்குப் பின்னாடி போயிரும். பின்னாடி போனா யாரு தாங்குறது?”

நான் கார்க்கைக் கையில் எடுத்தேன்.

“குதிகாலுக்கு அடியில தொடாதேன்னு நானும் வாயத் தொறந்து சொல்லல. அது என் தப்பு. ஒன் தப்ப நீயே போய் நாகலட்சுமிகிட்டச் சொல்லு.”

போனேன். வார்டில் கட்டிலில் இருந்தார். வரிசையாகச் சொன்னேன். முருகேசன் எழுந்துவிட்டார். “கை ஊனியாச்சும் நடந்துக்கிட்டு இருந்தா. இப்ப அதுவும் போச்சு. யாரு ஒன்னைய நெரப்பச் சொன்னா? எதுக்குய்யா நீயெல்லாம் ஆஸ்பத்திரியில வேலை பாக்குற?”

நாகலட்சுமி, “விடுங்க, உக்காருங்க” என்றார். பிறகு என்னிடம், “பாய், இந்தக் கால் இனி மடங்குமா? தறிக்குழியில எறங்கணும்” என்றார்.

அதைக் கேட்க டாக்டரிடம் போனேன்.

சில்லு குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. மற்றவர்களுக்குச் சில்லு உடைந்தால் தொடைச்சதை மேல்துண்டை மேலே இழுத்துவிடும். இரண்டும் பிரிந்துபோகும். திறந்து கம்பி போட்டுக் கட்ட வேண்டும். நாகலட்சுமிக்குத் துண்டுகள் பிரியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, “இழுக்க ஆள் இல்ல. அதனால பக்கத்துலயே கெடக்கு” என்றார். மாவுக்கட்டு போதும். நான்கு வாரம்.

ஆனால் நீட்டிக் கட்டிய முட்டி நான்கு வாரத்தில் இறுகிவிடும். மாவுக்கட்டை வெட்டிய அன்று டாக்டர் மடக்கினார். பத்து எண்ணவில்லை. நாற்பது டிகிரியில் நின்றுவிட்டது. தறிக்குழியில் உட்கார்வதற்குத் தொண்ணூறு வேண்டும். நடக்கவும் முடியாமல், நெய்யவும் முடியாமல் அவர் வீட்டில் கிடந்தார். முருகேசன் தறி மட்டும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. தகரத்தில் வெட்டிய கோணமானியை எடுத்துக்கொண்டு மதுரை ரோட்டு பஸ்ஸில் சின்னாளப்பட்டிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. முருகேசன் வாசலில் நிறுத்தினார்.

“இன்னும் என்னத்த நெரப்ப வந்தே?”

“அளக்க.”

கோணமானியைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

நாகலட்சுமி தன் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காலைக் குழிக்குள் தொங்கவிட்டிருந்தார். தொடைக்கு அடியில் மடித்த பழைய சேலை.

“ரோஸ்லின் அக்கா கட்டில்ல இருந்து தொங்கவிடச் சொன்னாக. கட்டில்ல கால் தரையில முட்டுது. இதுல முட்டல. நெய்யத்தான் முடியல, ஒக்காரவாச்சும் செய்யுறேன்” என்றார்.

காலின் பாரமே முட்டியை மடக்கியது. காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. டாக்டரிடம் சொன்னேன். “இதுக்கு மேல ஒரு மெஷினும் வேண்டாம்” என்றார். ஞாயிறுதோறும் போனேன். ஐம்பத்தைந்து. அறுபது. மறு வாரமும் அறுபது. எழுபத்தைந்து. ஒரு ஞாயிறு முருகேசன், “டீ குடிச்சிட்டுப் போ பாய்” என்றார். அன்று எண்பத்திரண்டு. அதற்குப் பிறகு இரண்டாவது ஞாயிறு நான் போனபோது நாகலட்சுமி விளிம்பில் இல்லை. இறங்கித் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் அளக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கவிதா, இதுதான் காரணம். அந்தக் கால் இப்போதும் அதே கால். கருவி காற்றைக் காட்டும். அது சரியாகத்தான் காட்டுகிறது. என் விரலும் சரியாகத்தான் காட்டியது. நிரப்ப வேண்டாம். மாட்டிப் பார்க்கும்போது சுண்டு விரல் போக வேண்டும். போகாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

அந்தப் பழைய பூட்ஸும் வீண் போகவில்லை. கார்க்கை எடுத்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, வேறு தோல் ஒட்டினேன். நாகலட்சுமி விழுந்து நான்கு மாதம் கழித்து மறுபடி பயிற்சி அறை. நான், பழனிச்சாமி, ரோஸ்லின் அம்மா, நாகலட்சுமி, முருகேசன், குழந்தை. டாக்டர் காலை ஏழரைக்கே வந்து முக்காலியில் இருந்தார். ஏழு பேர்.

பூட்ஸை நான் மாட்டினேன். டாக்டர் தன் விரலை விட்டுப் பார்த்தார். போனது. தலையை ஆட்டினார்.

கம்பிக்கு நடுவே மதியம் வரை நடக்க வைத்தார். பிறகு கம்பிக்கு வெளியே, வெறுங்கையோடு. முன்பாதம் ஊன்றும்போதெல்லாம் முட்டி பின்னால் போய் நின்றது. பார்க்க நம் நடை மாதிரி இல்லை. சாயங்காலம் டாக்டர், “இனி நீ கேட்டது” என்றார்.

முருகேசன் குழந்தையைக் கொடுக்கத் தயங்கினார். அது இந்த நான்கு மாதத்தில் நடக்கப் பழகிவிட்டது. இடுப்பில் நிற்காமல் இறக்கிவிடச் சொல்லித் துள்ளியது.

“எறங்காதடி. ஆத்தா நடக்கணும்” என்றார் நாகலட்சுமி. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பழனிச்சாமி என் காதருகே வந்து, “பாய், மூச்சு விடுங்க” என்றார்.

நாகலட்சுமி நான்காவது எட்டில் நின்றார். கீழே பார்த்தார். மறுபடி நடந்தார். எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்த பிறகுதான் குழந்தையை இறக்கிவிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழு எட்டு.